கதவைத் தட்டுங்கள்!



இரவு ஒன்பது மணி. அடுத்த வீட்டில் பாத்திரம் உருளுகிறது. "ஐயோ, அடிக்காதீங்க!" என்று ஒரு பெண் அலறுகிறாள். காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் உங்கள் மகன் எழுந்து வாசலுக்கு ஓடுகிறான். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"உட்காருடா! அது புருஷன் பொண்டாட்டி விஷயம். நமக்கேன் வம்பு?"

நம்மில் பலர் இப்படித்தான் சொல்கிறோம். இந்தச் சொல் செய்யும் கேட்டைக் கேளுங்கள்.

படித்தவர்களும் ஒதுங்கினார்கள்

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1976-ல் வெளிவந்தது. ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல இருவர் நடித்தார்கள். அது நடிப்பு என்று மாணவர்களுக்குத் தெரியாது. "நீ யாருன்னே எனக்குத் தெரியாது!" என்று அந்தப் பெண் கத்தியபோது, நூற்றுக்கு 65 பேர் தடுக்க முயன்றார்கள். "உன்னை ஏன்தான் கட்டிக்கிட்டேனோ!" என்று கத்தியபோது நூற்றுக்கு 19 பேர்தான்!

அடி ஒன்றுதான், அலறலும் ஒன்றுதான். கல்யாணம் என்ற பேச்சு வந்ததும் உதவ நீண்ட கை மடங்கிவிட்டது.

சிந்தியுங்கள்! தாலி கட்டியவன் அடித்தால் வலிக்காதா?

இது எங்கோ நடப்பதல்ல. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள்.

கர்ப்பிணியின் வயிற்றில் அடி விழுந்தால் நஞ்சுக்கொடி பிரிந்து இரத்தம் போகலாம். தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து. வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. கதவைத் தட்டுங்கள். "அக்கா, கொஞ்சம் உப்பு இருக்கா?" என்று கேட்டாலும் போதும். வெளி ஆள் வந்தால் ஓங்கிய கை பல சமயம் இறங்கும்.

2. தனியாகப் போகாதீர்கள். அவர் பேச்சுக்குக் கட்டுப்படுகிற இரண்டு பெரியவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். குடித்திருப்பவரோடு கைகலப்பு வேண்டாம்.

3. அரிவாள், கட்டை என்று கையில் இருந்தால் உள்ளே போகாதீர்கள். 112-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

4. மறுநாள் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். "நீ என்ன செஞ்சே?" என்று கேட்காதீர்கள். "அடிக்கிற கைதான் அணைக்கும், பொறுத்துக்கோ" என்றும் சொல்லாதீர்கள். "உனக்கு என்ன உதவி வேணும், சொல்லும்மா" என்று கேளுங்கள். அவள் சம்மதித்தால் கிராம சுகாதார செவிலியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

"நாளைக்குக் கேஸ், கோர்ட்டுன்னு என்னை இழுத்தா?"

பயம் வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. நம் மாநிலத்தில் பாதுகாப்பு அலுவலர் சமூக நலத்துறையைச் சேர்ந்தவர். கணவன் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையும் அந்தப் பெண்ணுக்கு இச்சட்டத்தில் உண்டு.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை

"குடிச்சா எனக்கு நிதானம் இல்லீங்க" என்கிறீர்கள். அதே போதையில் ஊர்ப் பெரியவர் மேல் கை வைக்கிறீர்களா? இல்லையே! அப்படியானால் நிதானம் இருக்கத்தான் செய்கிறது. மனைவியிடமும் அதைக் காட்டுங்கள். குடியை விட முடியவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் வாருங்கள், வழி சொல்வார்.

பெற்றோரே, இனி அலறல் கேட்டு உங்கள் பிள்ளை எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். "இரு, நாங்களும் வர்றோம்" என்று கூடவே எழுந்திருங்கள்.

அடுத்த வீட்டு அலறல் நம் வீட்டு அலறல்!
கேட்டும் கேளாதிருப்பது அடிப்பவனுக்குத் துணை!