பூட்டி வைக்கச் சொல்லும் தாய்மார்கள்

பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பும் பெற்றோரிடம் நாம் கேட்கும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குளிர் தாங்குமா, வீட்டு வாடகை எவ்வளவு, நல்ல அரிசி கிடைக்கிறதா, பக்கத்தில் கோயில் இருக்கிறதா? எந்த மாநிலம் என்றும் கேட்போம். பதிலைக் கேட்ட மறு நிமிடமே மறந்துவிடுவோம். அங்கே மாநிலம் மாறினால் சட்டமும் மாறிவிடுகிறது என்பதும், துப்பாக்கி விஷயத்தில் அந்த மாற்றம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது போன்றது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

என் அக்காள் மகள் கணவனோடும் மகனோடும் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்ட் நகருக்கு அருகில் வசிக்கிறாள். ஹார்ட்ஃபோர்ட் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பேர்போன ஊர். அந்த நிறுவனங்களின் கணினி வேலைகளை நம்பி நிறையத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடியேறியிருக்கின்றன. மாநிலத்தின் தலைநகரும் அதுதான். அவள் அனுப்பும் செய்திகள் வழியாகத்தான், துப்பாக்கிச் சட்டங்களை இறுக்கச் சொல்லி அங்கே ஆண்டுக்கணக்காகப் போராடும் அமைப்புகளைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

மலேசியாவில் நமக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ஜொகூரானாலும் பெர்லிஸானாலும் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒன்றுதான். காவல்துறை உரிமம் தராமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. குற்றச் செயலின்போது சுட்டால் தண்டனை எவ்வளவு கடுமையானது என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லாரும் அறிந்தது. அமெரிக்காவில் மத்திய அரசின் சட்டம் ஒரு தரைமட்டம் மாதிரி. அதற்கு மேல் எவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழுப்புவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்துகொள்கிறது. உரிமம் பெற்ற கடைக்காரர் துப்பாக்கி விற்றால், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்த்தாக வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் பொது. ஆனால் ஒரு தனிநபர் இன்னொருவருக்கு விற்றால் என்ன செய்வது? சில மாநிலங்களில் அதற்கும் சோதனை உண்டு. பல மாநிலங்களில் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாம். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயதான ஒருவர் தடை ஏதும் இல்லாதவராக இருந்தால், உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடமாடலாம்.

ஒரே மாதத்தில் இரண்டு முடிவுகள்

2012 டிசம்பர் 14-ஆம் தேதி, அதே கனெக்டிகட்டில், நியூடவுன் என்ற ஊரில் உள்ள சேண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் 20 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். இருபது குழந்தைகளும் ஆறு பள்ளிப் பணியாளர்களும் இறந்தார்கள். குழந்தைகள் எல்லாரும் ஆறு, ஏழு வயது. அவன் பயன்படுத்தியவை தாயார் சட்டப்படி வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகள். அன்று காலையில் முதலில் அந்தத் தாயையே சுட்டுவிட்டுத்தான் கிளம்பினான்.

அடுத்து நடந்ததுதான் இந்த அமைப்புகளின் பாதையைத் தீர்மானித்தது. 2013 ஏப்ரல் 4-ஆம் தேதி கனெக்டிகட் ஆளுநர் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்துக் குண்டுகளுக்கு மேல் கொள்ளும் தோட்டாப் பெட்டிகளின் விற்பனைக்குத் தடை வந்தது. எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை கட்டாயமானது. சரியாக 13 நாட்கள் கழித்து, வாஷிங்டனில் செனட் சபையின் முன் இதைவிடச் சாதுவான மசோதா ஒன்று வந்தது. பின்னணிச் சோதனையைக் கொஞ்சம் விரிவாக்குவதைத் தவிர அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அங்கேயுள்ள விதிப்படி 60 வேண்டும். மசோதா செத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வாஷிங்டனில் அடைபட்ட கதவை மாநிலத் தலைநகரங்களில் தட்டுவது என்று அப்போது முடிவானது. இண்டியானா மாநிலத்தில் ஷேனன் வாட்ஸ் என்ற ஐந்து பிள்ளைகளின் தாய், சேண்டி ஹூக் சம்பவத்துக்கு மறுநாள் தன் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு முகநூல் பக்கத்தைத் தொடங்கியிருந்தார். அதுதான் ‘மாம்ஸ் டிமாண்ட் ஆக்‌ஷன்’ அமைப்பாக வளர்ந்தது. நியூயார்க்கின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் ஆதரவில் 2014-இல் ‘எவ்ரிடவுன்’ உருவானபோது அதோடு இணைந்தது. 2011-இல் டூசானில் தலையில் சுடப்பட்டு உயிர் பிழைத்த நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியேல் கிஃபர்ட்ஸின் பெயரில் இயங்கும் அமைப்பு, வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டு மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் பள்ளி மதிப்பெண் போடுகிறது. கலிஃபோர்னியாவுக்கு ‘ஏ’, டெக்சஸுக்கு ‘எஃப்’. இந்த மதிப்பெண் வித்தையை அரசியலுக்குக் கொண்டுவந்தவர்கள் எதிர்த்தரப்பினர்தான். என்.ஆர்.ஏ. எனப்படும் தேசியத் துப்பாக்கிச் சங்கம் பல ஆண்டுகளாக வேட்பாளர்களுக்கு இப்படித்தான் மதிப்பெண் போட்டு அவர்களை நடுங்க வைத்திருந்தது.

இவர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி, பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும். சிவப்புச் சட்டை அணிந்துகொண்டு சட்டமன்றக் குழுக் கூட்டங்களில் மணிக்கணக்கில் காத்திருப்பது. ஹார்ட்ஃபோர்டில் பொது விசாரணையில் பேச ஒருவருக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அந்த மூன்று நிமிடத்துக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வேட்பாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புவது, யார் எப்படி வாக்களித்தார் என்று கணக்கு வைப்பது, அடுத்த தேர்தலில் வீடு வீடாகப் போய் அதை நினைவூட்டுவது எல்லாம் இவர்கள் வேலைதான். நம் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுக்கு வரும் தாய்மார்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதாக இருக்காது.

பெட்டிக்குள் சாவி

இந்த அமைப்புகள் கேட்கும் சட்டங்கள் பல. அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது மிகச் சாதாரணமானது: வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வை.

2018 ஜனவரி 31-ஆம் தேதி, கனெக்டிகட்டின் கடலோர ஊரான கில்ஃபோர்டில், ஈதன் என்ற 15 வயதுப் பையன் நண்பன் வீட்டுக்குப் போனான். அந்த வீட்டு அலமாரியில், ஒரு பெட்டிக்குள் துப்பாக்கிகள் இருந்தன. பூட்டு போட்டுத்தான் இருந்தது. ஆனால் சாவியும் தோட்டாக்களும் அதே பெட்டிக்குள் கிடந்தன. பிள்ளைகள் எடுத்துப் பார்த்தார்கள். துப்பாக்கி வெடித்து ஈதன் இறந்தான்.

துப்பாக்கியின் சொந்தக்காரர் மீது வழக்குப் போட முடியவில்லை. அன்றைய சட்டம், குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைப்பதைத்தான் குற்றம் என்றது. பெட்டிக்குள் இருந்தபோது அதில் குண்டு இருந்தது என்று நிரூபிக்க வழியில்லை. ஈதனின் பெற்றோர் இந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். துப்பாக்கியே கூடாது என்று அவர்கள் வாதாடவில்லை. குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை எடுக்கக்கூடிய இடமென்றால் பூட்டியிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். தன்னார்வ அமைப்புகள் கூட நின்றன. இரண்டு கட்சி உறுப்பினர்களும் பெருவாரியாக ஆதரித்தார்கள். 2019 ஜூனில் ஆளுநர் நெட் லமான்ட் கையெழுத்திட்டார். ‘ஈதன் சட்டம்’ என்றே அதற்குப் பெயர். இதையே நாடு முழுவதற்குமான சட்டமாக்கும் மசோதா 2022-இல் கீழ்ச்சபையில் நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை.

பூட்டினால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். துப்பாக்கிச் சட்டங்களின் விளைவுகளைப் பற்றிய ஆய்வுகளை வரிசையாக எடைபோட்டுப் பார்க்கும் ரேண்ட் நிறுவனம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்களைத்தான் வலுவான சான்று உள்ளவற்றில் ஒன்றாகச் சொல்கிறது. இளையோர் தற்கொலையும் தவறுதலாகச் சுட்டுக்கொள்வதும் குறைகின்றன. 2020 முதல், அமெரிக்காவில் ஒரு வயதிலிருந்து 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். அதுவரை முதலிடத்தில் இருந்தவை சாலை விபத்துகள்.

மிச்சிகனுக்கு இந்தப் பாடம் தாமதமாக வந்தது. 2021 நவம்பர் இறுதியில், ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியை நான்கு நாள் முன்புதான் அவன் தந்தை வாங்கியிருந்தார். பூட்டி வைக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் அப்போது மிச்சிகனில் இல்லை. சட்டமன்றத்தில் மசோதாக்கள் தூங்கின. 2022 தேர்தலில் இரு அவைகளும் கைமாறின. 2023 பிப்ரவரி 13-ஆம் தேதி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டே மாதத்தில் ஆளுநர் கிரெட்சன் விட்மர் பூட்டி வைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது நடைமுறைக்கு வந்த நாள் 2024 பிப்ரவரி 13. அந்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்ட் மாணவனின் தாய், தந்தை இருவருக்கும் பத்திலிருந்து பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

செய்தியில் வராத மரணங்கள்

பள்ளிக்கூடச் சம்பவங்கள்தான் நம் ஊர்ச் செய்திகள் வரை வருகின்றன. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். இதைப் படித்தபோது நான் சற்று நேரம் கணினியை மூடி வைத்துவிட்டேன். மனம் உடைந்து போயிருப்பவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவுடன் தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்துவைக்க அனுமதிக்கும் சட்டத்தை முதலில், 1999-இல், கொண்டுவந்ததும் கனெக்டிகட்தான். அப்படி எடுக்கப்பட்ட ஒவ்வொரு பத்து முதல் இருபது வழக்கிலும் ஓர் உயிர் தப்பியிருக்கும் என்று டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்த ஏற்பாடு உண்டு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. காவல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் ஒரு மணி நேர தூரம் உள்ள கிராமத்துக்காரர், நள்ளிரவில் கதவை உடைக்கிறவனிடம் பூட்டைத் திறக்கும் வரை பொறு என்று சொல்ல முடியுமா என்று கேட்கிறார். ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அவர்கள் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 2008-இல் உச்ச நீதிமன்றம் அது தனிமனித உரிமை என்றது. தலைநகரில் துப்பாக்கியை எப்போதும் செயலிழக்கச் செய்து வைக்க வேண்டும் என்ற விதியையும் ரத்து செய்தது. ஆனால் விபத்தைத் தடுக்கப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லும் சட்டங்களை இந்தத் தீர்ப்பு பாதிக்காது என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. விரலால் தொட்டால் நொடியில் திறக்கும் பெட்டிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன.

எல்லா இடத்திலும் வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். 2023 மார்ச்சில் டென்னசியின் நேஷ்வில்லில் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் ஒன்பது வயதுக் குழந்தைகள் மூவரும் பெரியவர்கள் மூவரும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பள்ளித் தாய்மார்களில் பலர் பழைமைவாதக் குடும்பத்தினர், துப்பாக்கி வைத்திருப்பவர்கள். அவர்களே சட்டமன்றத்துக்குப் போனார்கள். ஆகஸ்டில் சிறப்புக் கூட்டம் கூடியது. கேட்டது கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஆசிரியர்கள் பள்ளிக்குள் மறைவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டம்தான் வந்தது.

இன்னொரு குறையும் உண்டு. வசதியான புறநகர்ப் பள்ளியில் நடந்தால் நாடே அழுகிறது. ஹார்ட்ஃபோர்டின் ஏழைத் தெருக்களில் கறுப்பின இளைஞர்கள் சாவது உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுகிறது. அங்கே ‘மதர்ஸ் யுனைட்டட் அகென்ஸ்ட் வயலன்ஸ்’ என்ற அமைப்பைச் சேர்ந்த தாய்மார்கள், கேமராக்கள் வந்தாலும் வராவிட்டாலும் சுடப்பட்டவரின் குடும்பத்தோடு போய் நிற்கிறார்கள். பெரிய அமைப்புகளுக்குக் கிடைக்கும் பணமும் கவனமும் இவர்களுக்கு எட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

கேட்க வேண்டிய கேள்வி

சட்டம் வரும் வரை காத்திராமல் இந்த அமைப்புகள் பெற்றோருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தருகின்றன. பிள்ளை விளையாடப் போகும் வீட்டில், “பூட்டாத துப்பாக்கி ஏதும் இருக்கிறதா?” என்று முன்கூட்டியே கேட்பது. குழந்தை மருத்துவர்களும் இதையே சொல்கிறார்கள். ஜூன் 21-ஐ இதற்கென்றே ஒரு நாளாக வைத்திருக்கிறார்கள்.

இது நம்மவர்களுக்கு எளிதல்ல. விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் உப்பு குறைவு என்று சொல்லவே நமக்கு நா எழாது. இதில் துப்பாக்கி பற்றி எப்படிக் கேட்பது? என் அக்காள் மகளும் முதலில் தயங்கினாள். “தப்பா நினைச்சுக்குவாங்களே சின்னம்மா” என்றாள். பிறகு, அங்கே சொல்லித் தரும் வழியைப் பின்பற்றினாள். மகனை அழைத்திருந்த வகுப்புத் தோழனின் தாயாருக்கு ஒரே குறுஞ்செய்தி. இவனுக்கு வேர்க்கடலை ஆகாது, உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா, நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா, துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா?

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. நாய் இல்லை, குளம் இல்லை, கணவரின் வேட்டைத் துப்பாக்கிகள் இரண்டு நிலவறையில் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கின்றன, தோட்டா வேறு பெட்டியில். கடலை வெண்ணெயை அன்றைக்கு மேசையிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தார்.