வேர் முதல், தாள் வட்டி

மகாராஷ்டிரத்தின் லாசல்கான் சந்தையில் வரத்துக் குறைந்தால் நாடெங்கும் வெங்காய விலை உயரும். 2019 டிசம்பரில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அத்தகைய நாள்களில், நாம் குப்பையில் எறியும் வேர்ப்பகுதி ஓரளவு கைகொடுக்கும்.

வெங்காயத்தின் அடிப்பகுதியை வேருடன் இரு விரற்கடை அளவு நறுக்கி, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். நீர் தேங்காத தொட்டியில், வேர் கீழ்நோக்கியிருக்க நட்டு, மெல்லியதாக மண் மூடுங்கள். வெயில் படும் பலகணி போதும். ஓரிரு வாரங்களில் பசுந்தாள் எழும். லீக்ஸின் அடித்தண்டு குவளை நீரிலேயே தளிர்க்கும். நீரை அடிக்கடி மாற்றுவது அவசியம்.

இம்முறையில் முழு வெங்காயத்தை எதிர்பார்க்கலாகாது, கிடைப்பது தாளே. பொரியலுக்கும் முட்டைக்கும் அது போதும். நடுக்குருத்தை விட்டு வெளித்தாள்களை மட்டும் அறுங்கள். முதலைத் தொடாதவருக்கே வட்டி தொடரும்.