ஹாலேயில் ஒரு திங்கட்கிழமை இரவு

லைப்சிக்குக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். பக்கத்தில் இருக்கும் ஹாலேயை அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. புறநகர் ரயிலில் அரை மணி நேரம், அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து நடந்தே ஃபிராங்கே நிறுவனங்களின் வளாகத்துக்குப் போனால் அருங்காட்சியகக் கதவு சாத்தியிருக்கிறது. அன்றைக்குத் திங்கட்கிழமை. ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பது எனக்குத் தெரியாததில்லை. தேதியைப் பார்த்தேன், கிழமையைப் பார்க்கவில்லை. தரங்கம்பாடி, சீகன்பால்க் என்று வருஷக்கணக்காகப் பேசித் திரிகிற ஆளுக்கு இது வேணும்தான்.

சரி, ராத்திரி தங்கிவிடுவோம் என்று சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தேன். லிஃப்ட் கிடையாது, மூன்று மாடி. ஆனால் அந்த இரவு இல்லாமல் போயிருந்தால் ஊரைப் பார்க்காமலே திரும்பியிருப்பேன்.

சதுக்கத்தில் ஐந்து கோபுரங்கள். ஒன்று தனியாக நிற்கிற சிவப்புக் கோபுரம்; அதற்குள் 76 மணிகள். மற்ற நான்கும் சந்தைத் தேவாலயத்துடையவை. ஒரு தேவாலயத்துக்கு எதற்கு நாலு கோபுரம்? அங்கே முன்பு இரண்டு தேவாலயங்கள் எதிரும் புதிருமாக இருந்தன. கர்தினால் ஆல்பிரெக்ட் 1529-இல் இரண்டின் உடலையும் இடிக்கச் சொல்லி, கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் புதுக் கட்டடத்தை எழுப்பச் செய்தார். லூதரின் சீர்திருத்தம் ஊருக்குள் நுழையாமல் தடுக்கிற கத்தோலிக்கக் கோட்டையாக அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1546-இல் லூதர் ஐஸ்லேபனில் இறந்தார். உடலை விட்டன்பர்க்குக் கொண்டுபோகும் வழியில் ஓரிரவு வைத்திருந்தது இதே தேவாலயத்தில்தான்! முகத்தில் அச்செடுத்த மெழுகு உருவம் இன்னும் உள்ளே இருக்கிறது. 1685-இல் இந்த ஊரில் பிறந்த இசைமேதை ஹாண்டெலுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இங்கேதான். கட்டினவர் ஒன்று நினைக்க, கட்டடம் வேறொன்றுக்குப் பயன்பட்டது. மறுநாள் பார்த்ததற்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருப்பதாகப் பிறகு தோன்றியது.

செவ்வாய் காலை, மறுபடி ஃபிராங்கே வளாகம். வாசலை ஒட்டி ஒரு மேம்பாலம் இரைந்துகொண்டே ஓடுகிறது. கிழக்கு ஜெர்மனி காலத்தில் கட்டியது. உள்ளே நுழைந்தால் சத்தம் அடங்கி, மரச்சட்டம் வைத்துக் கட்டிய ஆறு மாடிக் கட்டடம் 100 மீட்டருக்கு மேல் நீள்கிறது. ஆகஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே என்ற பாதிரியாரின் உண்டியலில் 1695-இல் விழுந்த 4 தாலர் 16 குரோஷனில் தொடங்கியது இது. முதலில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி, பின்பு அநாதை இல்லம், அச்சகம், புத்தகக் கடை, மருந்துக்கடை என்று ஒரு குட்டி ஊராகவே வளர்ந்தது. மருந்து விற்ற காசு பள்ளிகளைத் தாங்கியது.

அநாதை இல்லத்தின் மாடி உச்சியில் 'கலை, இயற்கைப் பொருள் அறை' இருக்கிறது. உத்தரத்திலிருந்து முதலை தொங்குகிறது. ஓவியம் தீட்டிய அலமாரிகளில் சங்கு, எலும்பு, உலகின் பல மூலைகளிலிருந்து வந்த சாமான்கள். அவற்றுக்கு நடுவே ஓலைச்சுவடி. மேலே தரங்கம்பாடிக்குப் போன மிஷனரிகள் அனுப்பியவை எப்படி இங்கே வந்து சேர்ந்தன என்று யோசித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

இங்கே படித்த சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் கற்றார், சுவடிகள் சேர்த்தார். தமிழ் எழுத்தின் மாதிரிகள் கப்பலில் ஹாலேக்கு வந்தன. தமிழே தெரியாத கைவினைஞர்கள் அவற்றைப் பார்த்து ஈய எழுத்துகள் வார்த்தார்கள். அவை 1713-இல் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. ஒரே குறை, எழுத்துகள் பெரிசு. காகிதம் கட்டுபடியாகவில்லை. அதனால் பொறையாற்றில் சின்ன எழுத்துகள் புதிதாக வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். தமிழ் அச்சு இதற்கு முன்பே, 1578-இல் கொல்லத்தில் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'தமிழின் முதல் அச்சு தரங்கம்பாடி' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சீகன்பால்க் 1714-இல் ஐரோப்பா கிளம்பியபோது மலையப்பன் என்ற தமிழரையும் கூட்டிப்போனார். அவருடைய தமிழ் இலக்கண நூல் 'கிராமாட்டிகா டாமுலிக்கா' 1716-இல் ஹாலே அநாதை இல்ல அச்சகத்தில் வெளியானது. லத்தீன் விளக்கம், நடுவே தமிழ் எழுத்து. தமிழர்கள் மிஷனரிகளுக்கு எழுதிய ஏறத்தாழ 100 கடிதங்களும் ஜெர்மனில் இங்கே அச்சேறின.

ஆனால் எது அச்சேறவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். தமிழர் வணங்கும் தெய்வங்கள் எல்லாவற்றையும், ஐயனார், கிராம தேவதைகள் உட்பட, நூல்களைப் படித்தும் ஆட்களைக் கேட்டும் தொகுத்து 1713-இல் 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி' என்ற நூலை அனுப்பினார். (தமிழரை அப்போது ஐரோப்பியர் மலபார்கள் என்றார்கள்.) ஃபிராங்கே அதை ஏற்கவில்லை. அங்கே அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் நிலை. நூல் அச்சானது 1867-இல், அதுவும் சென்னையில். இதற்கு முன் 1711-இல் எழுதிய இன்னொரு நூல் 1926 வரை காத்திருந்தது. தமிழுக்கு எழுத்து வார்த்துக் கொடுத்த அதே இடம்தான் இதையும் செய்தது. ஆனால் ஒன்று: கைப்பிரதியைத் தூக்கி எறியவில்லை. நமக்குக் கிடைத்தது அதனால்தான்.

போகிறவர்களுக்கு: செவ்வாய் முதல் ஞாயிறு வரை எந்த நாளும் போகலாம். நூலகக் கட்டடத்தை விட்டுவிடாதீர்கள். அலமாரிகள் நாடக மேடைத் திரைகளைப் போல வரிசையாக நிற்கும். அநாதை இல்லத்தின் கூரைக்கு மேல் ஒரு பார்வை மாடம் இருக்கிறது. அங்கே நின்று வடக்கே பார்த்தேன். முந்தின இரவு அடியில் நின்று அண்ணாந்து பார்த்த ஐந்து கோபுரங்களும் கூரைகளுக்கு மேலே தெரிந்தன. கீழே மேம்பாலத்தில் வண்டிகள். மத்தியானம் ரயிலைப் பிடித்து லைப்சிக் திரும்பினேன்.