மக்கள்தொகைப் பெருக்கமும் சமனற்ற நுகர்வும்

உலக மக்கள்தொகை 1800களின் தொடக்கத்தில் 100 கோடியை எட்டியது. அது 200 கோடியாக உயர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனால் 2011இல் 700 கோடியாக இருந்தது, 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டுவிட்டது. ஆகவே, சுற்றுச்சூழல் சீர்கேட்டுக்கு மக்கள் பெருக்கமே காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். இது பாதி உண்மைதான். எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதோடு, ஒவ்வொருவரும் எவ்வளவு நுகர்கின்றனர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்று காரணிகள்

1970களின் தொடக்கத்தில் பால் ஏர்லிக், ஜான் ஹோல்ட்ரன் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்களின் ஆய்வுகளையும் அவற்றையொட்டி எழுந்த விவாதத்தையும் அடுத்து ஒரு சமன்பாடு உருவானது:

சுற்றுச்சூழல் தாக்கம் = மக்கள்தொகை × தனிநபர் நுகர்வு × தொழில்நுட்பம்

இவை கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. எனவே மக்கள்தொகை சிறிதாக இருந்தாலும் நுகர்வு மிகுந்தால் தாக்கம் பெரிதாகும்.

ஓர் எளிய கணக்கு

நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவற்றை எரிப்பதால் ஆண்டுதோறும் வெளியாகும் கரியமில வாயுவின் ஏறத்தாழ அளவு:

- அமெரிக்கா: 33 கோடி பேர் × 14 டன் = 462 கோடி டன்
- இந்தியா: 140 கோடி பேர் × 2 டன் = 280 கோடி டன்
- நைஜீரியா: 22 கோடி பேர் × 0.6 டன் = சுமார் 13 கோடி டன்

இந்தியாவின் மக்கள்தொகையில் கால் பங்கே கொண்ட அமெரிக்கா, இந்தியாவைவிடக் கூடுதலாக வாயுவை வெளியிடுகிறது. சராசரிக் கணக்கு ஒரு நாட்டுக்குள் உள்ள வேறுபாட்டையும் மறைத்துவிடும். குளிர்சாதனமும் இரண்டு கார்களும் உள்ள வீடும், ஒற்றை விளக்கு எரியும் குடிசையும் அதே 2 டன் சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன.

மக்கள்தொகையின் பங்கு

இதனால் மக்கள்தொகை பொருட்டில்லை என்றாகாது. உலக மக்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் இந்தியாவில் வாழ்கின்றனர். உலக நன்னீரிலோ நமக்குள்ள பங்கு சுமார் 4 விழுக்காடே. நிலத்தடி நீர், விளைநிலம், காடு ஆகியவற்றின் மீதான நெருக்கடியில் எண்ணிக்கையின் பங்கு பெரிது.

எனினும் எண்ணிக்கை கட்டுப்பட்டால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான அளவு 2.1. இருந்தும் இங்கு வாகனங்களும், மின்தேவையும், குப்பையும் பெருகியே வருகின்றன.

தீர்வுகள்

ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனித் தீர்வு வேண்டும். பெண் கல்வியும் குழந்தை நலமும் மேம்பட்ட இடங்களில் பிறப்பு வீதம் தானாகவே குறைந்துள்ளது. மிகுதியாக நுகர்வோர் தம் நுகர்வைக் குறைக்க வேண்டும். வறியோருக்கு உணவும் மின்சாரமும் இன்னும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். காற்றாலை, சூரிய மின்சாரம் போன்றவை மூன்றாம் காரணியின் அளவைக் குறைக்கும்.

மாணவர்கள் தங்கள் வீட்டின் இரண்டு மாத மின்பயன்பாட்டு யூனிட்டுகளை வீட்டில் உள்ளோர் எண்ணிக்கையால் வகுத்து, நண்பர்கள் வீட்டுக் கணக்கோடு ஒப்பிடலாம். தனிநபர் நுகர்வு வீட்டுக்கு வீடு எவ்வளவு மாறுபடுகிறது என்பது அதிலேயே விளங்கும்.