கட்டுச்சோற்றோடு கிளம்பும் எலி



கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா நாடுகளின் வறண்ட மண்ணுக்கடியில் வாழ்கிறது மொட்டை அகழெலி. உடம்பில் ரோமப் போர்வை கிடையாது; உதட்டுக்கு வெளியே நீண்ட பல்லாலேயே சுரங்கம் தோண்டும். ஒரு கூட்டத்தில் சுமார் 70, 80 எலிகள். ஆனால் குட்டி போடுவது ராணி எலி ஒன்றுதான். மற்றவை மண் தள்ளும், கிழங்கு தேடும், குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும்.

இவற்றுக்கு நடுவே அபூர்வமாகச் சில எலிகள் வேறு மாதிரி. தின்று கொழுக்கும், சொந்தக் கூட்டத்தில் துணை தேடாது, வெளியேறத் துடிக்கும். 1996-இல் ஆய்வாளர்கள் இவற்றைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

உடம்பில் சேர்த்த கொழுப்புதான் பயணத்துக்குக் கட்டுச்சோறு. அந்நியத் துணையோடு சேர்ந்தால், உறவுக்குள்ளேயே இனம் பெருக்கும் எலிகளுக்குப் புது ரத்தம் கிடைக்கிறது. பிறந்த வளையைப் பிரியும் அந்தத் துணிச்சலில் ஓர் இனத்தின் நாளை இருக்கிறது!