குறைந்த செலவில் குடும்பச் சுற்றுலா: கணக்கும் கவனமும்

அரவேணு, கோத்தகிரி வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு விடுமுறை எளிதில் வாய்ப்பதில்லை. காலையில் பால் பாக்கெட் இறங்கும் நேரத்தில் கடையைத் திறக்கிறோம். இரவு ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகே கல்லாவைப் பூட்டுகிறோம். கேத்தரின் நீர்வீழ்ச்சியைக் காண வெளியூரார் நம் ஊரைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளோ, "நாம் எப்போது வெளியூர் போவது?" என்று கேட்கிறார்கள்.

தனிக் குடும்பமாகக் கார் பிடித்துப் போனால் செலவு தாங்காது. கடையை மூடினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடுமோ என்ற கவலை வேறு. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி, வணிகர்கள் ஒன்றாகக் கூடி ஒரு பஸ் அமர்த்துவதுதான். இது புதிய யோசனை அன்று. 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் ரயில் கம்பெனியிடம் மொத்தமாகப் பேசி, சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லப்பரோ வரை தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அழைத்துச் சென்றார். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்ற நம் கடைத்தெருப் பாடமே உலகச் சுற்றுலாத் தொழிலுக்கும் அடிப்படையாக அமைந்தது.

எங்கே போவது?

நமக்கு மிக அருகில் உள்ள பெரிய கேளிக்கைப் பூங்கா, மேட்டுப்பாளையத்தை அடுத்து ஊட்டி சாலையில் மலையடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர். அரவேணுவிலிருந்து குஞ்சப்பனை வழியாக இறங்கினால் 30 கிலோமீட்டர் அளவில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். அங்கிருந்து கோவை மேலும் 35 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பிள்ளைகளுக்குப் பூங்கா, பெரியவர்களுக்குக் கோனியம்மன் கோயிலும் பேரூர் பட்டீசுவரரும், பெண்களுக்கு ஒப்பணக்காரத் தெரு, நமக்கு ரங்கே கவுண்டர் வீதி மொத்தக் கடைகள் என்று ஒரே பயணத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு.

இங்கேதான் ஒரு தவறு நேர வாய்ப்பிருக்கிறது. "ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம், தங்கும் செலவு மிச்சம்" என்று பலரும் சொல்வார்கள். நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாலை 5 மணி வரை பூங்காவில் இருந்தால் கோவை போய்ச் சேர ஆறரை ஆகும். கடைத்தெருவில் இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் புறப்படவே ஒன்பதரை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது இரவு 11 மணி. காலை 6 மணியிலிருந்து பொறுப்பில் இருக்கும் டிரைவர், ஈரத்தலையோடு தூங்கும் குழந்தைகள், மூடுபனி, வளைவுகள். பலா பழுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வருவதும் நாம் அறிந்ததே. இப்படி மிச்சப்படுத்தும் பணம் மிச்சம் அல்ல.

ஒன்றரை நாள் திட்டம்

ஆகவே நாம் சொல்வது இதுதான். பூங்கா மட்டும் போதும் என்றால் ஒரு நாள். மாலை 4 மணிக்கே வெளியேறி, வெளிச்சம் இருக்கும்போதே ஊர் திரும்ப வேண்டும். நகரமும் வேண்டும் என்றால் ஒன்றரை நாள். ஞாயிறு காலை ஏழரைக்குப் புறப்பட்டுப் பூங்கா. மாலை 4 மணிக்குக் கிளம்பிக் கோவை. இரவு ஒப்பணக்காரத் தெருவில் கொள்முதல், பிறகு தங்கல். திங்கள் காலை கோயில். பத்து மணிக்கு மொத்தக் கடைவீதி. பகல் சாப்பாடு முடித்து ஒரு மணிக்குப் புறப்பட்டால் நாலு மணி வாக்கில் அரவேணு. அன்று மாலை வியாபாரத்துக்குக் கடை திறந்துவிடலாம்.

ஞாயிறு பூங்காவில் கூட்டம் கூடுதல். கட்டணமும் சில பூங்காக்களில் கூடுதல். ஆனால் மொத்தக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு மூடியிருக்கும் என்பதால், திங்களன்று கடைவீதிக்குப் போக இதுவே பொருந்தும். கடைவீதி வேண்டாம் என்பவர்கள் வார நாளில் பூங்காவுக்குப் போவதே லாபம்.

எந்த மாதம்?

மே 5 வணிகர் தினம் கடை அடைக்கும் நாள்தானே என்று தோன்றும். அது கோடை சீசனின் நடு உச்சம். சீசன் காலத்தில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், கீழே இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடும் ஒருவழிப் போக்குவரத்து நம் திட்டத்தையே புரட்டிவிடும். பூங்காவிலும் நிற்க இடம் இருக்காது. நமக்கும் வியாபாரம் நடக்கும் மாதம் அது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். கோத்தகிரி கிழக்குச் சரிவு வடகிழக்குப் பருவமழையை நேரே வாங்கும் பகுதி. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், சாலைகள் துண்டிக்கப்பட்டதையும் இந்த வட்டாரம் மறந்திருக்காது. மார்கழி பிறந்தால் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகை. ஹட்டிகளில் உள்ள வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு வேண்டிய நேரத்தில் நாம் ஊரில் இல்லாமல் இருக்கக் கூடாது. பொங்கல் முடிந்த பின் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் ஏற்றவை. மலையில் குளிர் இருந்தாலும் அடிவாரத்தில் வெயில் இதமாக இருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலைக்கு எவ்வளவு?

இதுதான் பயணத்தின் உயிர்நாடி. செலவு இரண்டு வகை. ஆள் குறைந்தாலும் குறையாதது ஒன்று: பஸ் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, நிறுத்தக் கட்டணம். ஆளுக்கு ஆள் ஏறுவது மற்றொன்று: பூங்கா டிக்கெட், சாப்பாடு, படுக்கை. கடை வாடகையும் சரக்கு விலையும் போல இவை தனித்தனியே எழுதப்பட வேண்டும்.

புரிவதற்காக ஒரு கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டு மட்டுமே. இன்றைய விலையை நீங்கள் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். 40 இருக்கை பஸ். மாறாத செலவு ரூ.24,000. ஆளுக்குச் செலவு ரூ.1,500. நாற்பது பேரும் வருவார்கள் என்று நம்பி வகுத்தால் தலைக்கு ரூ.2,100. கடைசி நேரத்தில் பத்துப் பேர் நின்றுவிட்டால் வசூல் ரூ.63,000, செலவு ரூ.69,000. ரூ.6,000 துண்டு விழும். அதை யார் கட்டுவது என்பதில்தான் சங்கங்களில் மனக்கசப்பு பிறக்கிறது.

மாறாக, 32 பேர்தான் வருவார்கள் என்று வைத்து வகுத்தால் தலைக்கு ரூ.2,250. 32 பேர் வந்தால் வரவும் செலவும் சரி. 40 பேரும் வந்துவிட்டால் ரூ.6,000 மிஞ்சும், ஆளுக்கு ரூ.150 திருப்பிக் கொடுக்கலாம். முன்னால் குறைத்துச் சொல்லிப் பின்னால் கூடுதல் கேட்பதைவிட, முன்னால் சரியாகச் சொல்லிப் பின்னால் திருப்பிக் கொடுப்பது சங்கத்துக்குப் பெருமை.

ரூ.2,250ஐ ஒரே தடவையில் கொடுப்பது நாலு பேர் உள்ள சிறுகடைக்காரருக்குப் பாரம். மாதம் ரூ.225 வீதம் பத்து மாதம் கட்டினால் பாரம் தெரியாது. தவணையின் வலிமையைத் தமிழ்நாட்டு வணிகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தவணை முறையில் பொருள் விற்று வளர்ந்த வி.ஜி.பி. நிறுவனத்தார்தான் பின்னாளில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேளிக்கைப் பூங்காவும் அமைத்தார்கள். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். பயணத்துக்கு முன் எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பூங்காவில் கேட்க வேண்டியவை

குழுவாக வந்தால் தள்ளுபடி உண்டா, எத்தனை பேருக்கு மேல் என்று முதலில் கேளுங்கள். சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கு ஜி.எஸ்.டி. 2017இல் 28 சதவீதமாக இருந்து, 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைந்தது. தலைக்கு ஆயிரம் ரூபாய் டிக்கெட் என்றால் வரி மட்டும் ரூ.180, நாற்பது பேருக்கு ரூ.7,200. மூன்றாவது, பிள்ளைகளின் கட்டணம். பல பூங்காக்களில் வயதைவிட உயரமே கணக்கு. வீட்டிலேயே அளந்து பட்டியல் எழுதிவிட்டால் வாசலில் வாதம் இராது.

டிக்கெட்டோடு செலவு முடிவதில்லை. நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தித் துணியை அனுமதிக்க மாட்டார்கள். நைலான் உடை வேண்டும். அங்கே வாடகைக்கு எடுத்தால் ஆளுக்கு ஆள் காசு. பொருள் வைக்கும் பெட்டிக்குக் காசு. வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. காலை உணவை வாசலுக்கு முன்பே முடித்துவிட்டு, பகல் சாப்பாட்டையும் டிக்கெட்டோடு சேர்த்துப் பேசி முடிப்பது நல்லது.

பஸ் அமர்த்தும்போது

பள்ளி பஸ், எஸ்டேட் பஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று அமர்த்தாதீர்கள். வாடகைக்கு ஆள் ஏற்ற ஒப்பந்த ஊர்தி பெர்மிட் வேண்டும். அது இல்லாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் தொகை கிடைப்பதில் சிக்கல் வரும். பெர்மிட், தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் மூன்றின் நகலையும் முன்பணம் கொடுக்கும் முன் வாங்கிப் பாருங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்திலும் ஒப்பந்த வாடகை விசாரிக்கலாம்.

கூடியவரை நீலகிரிப் பதிவு வண்டியையே பிடியுங்கள். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது, டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வெளியூர் பஸ் என்றால் அப்போதைய விதியைக் கேட்டுப் பாஸ் எடுத்துவைக்க வேண்டும். திரும்பும்போது பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களோடு சோதனைச் சாவடியில் நிற்காதபடி, வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் கூஜா எடுத்து வரச் சொல்லுங்கள்.

டிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரைமணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்தது. இரவில் அவர் பஸ் சீட்டில் படுப்பதாக விடாதீர்கள். நமக்குக் கட்டில் என்றால் அவருக்கும் கட்டில். அந்த ஒரு படுக்கையின் செலவை நாற்பது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் சில்லறைக் காசுதான் வரும்.

கடை ஊழியர்களும் வரட்டும்

முதலாளி குடும்பம் மட்டும் போய், மூட்டை தூக்குகிறவரும் பொட்டலம் கட்டுகிறவரும் ஊரில் நிற்பது அழகல்ல. ஊழியருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்பது 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டம் கொடுத்த உரிமை. சுற்றுலா நாளை அந்த விடுமுறையில் கழிப்பதோ, திங்கள் காலைச் சம்பளத்தைப் பிடிப்பதோ வேண்டாம். ஊழியரின் தவணையில் பாதியைக் கடையே ஏற்றால், வருடம் முழுவதும் அவர் கடையைத் தன் கடையாக நினைப்பார்.

வாடிக்கையாளரையும் மறக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே கடை வாசலில் அறிவிப்பு வையுங்கள். ஒரு மளிகைக் கடையும் ஒரு மருந்துக் கடையும் முறை வைத்துத் திறந்திருக்கட்டும். இந்த வருடம் ஊரில் நின்றவர்களுக்கு அடுத்த வருடம் முதல் இருக்கை.

கோவையில் சரக்கு வாங்குவோர்

விலை விசாரித்து ஆர்டர் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பருப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் ஆள் ஏறும் பஸ்ஸில் ஏற்றினால் மலை ஏறும்போது பாரம், சட்டப்படியும் சரியல்ல. சரக்கு எப்போதும்போல லாரியில் வரட்டும். ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். மாநிலத்துக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் உண்டா என்று பாருங்கள்.

நாற்பது இருக்கை கொண்ட ஒரு பஸ்ஸை நிரப்ப அரவேணுக் கடைவீதியில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மனம் வைத்தால் போதும். பொங்கலுக்குப் பின் பயணம் என்றால் சித்திரையில் முதல் தவணை தொடங்க வேண்டும். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதற்கென மூவர் குழு அமைத்து, ஒருவர் வசூலுக்கு, ஒருவர் வண்டிக்கு, ஒருவர் பெயர்ப் பட்டியலுக்கு என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்வோம். வசூல் பொறுப்பாளர் ஒவ்வொரு மாதமும் கணக்கைக் கூட்டத்தில் படித்துக் காட்டட்டும்.