முதலாளியே 'ஹீரோ'! பொய் சொன்னால் ரூ.10 லட்சம் அபராதம்!!

பெரம்பலூர், அரியலூர் கடைக்காரர்கள் விளம்பரப் படம் எடுக்க இனி சென்னைக்கு ஓட வேண்டாம். செல்போன் போதும்!

நடிகை வேண்டாமா? லலிதா ஜுவல்லரி முதலாளி கிரண்குமார் மொட்டைத் தலையோடு தானே வந்து பேசினார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் நடிகைகளோடு தானே ஆடினார். 2022-ல் 'தி லெஜண்ட்' சினிமாவில் கதாநாயகனே ஆகிவிட்டார்!

5 விநாடிதான்!

யூடியூப்பில் 5 விநாடி ஆனதும் விளம்பரத்தைத் தள்ளிவிடுகிறார்கள். அதற்குள் சரக்கைக் காட்டணும், விலையைச் சொல்லணும். பஸ் நிலையத்தில் இருந்து கடைக்கு வழியும் சொன்னால் ஆள் வரும்.

உஷார்!

இல்லாத தள்ளுபடியை அளந்துவிட்டால் ஆபத்து. ஏமாற்று விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் போட 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. மறுபடியும் செய்தால் ரூ.50 லட்சம் வரை! சின்னக் கடை தாங்குமா?

முகத்தைக் காட்டிப் பொய் சொன்னால் முதலும் போகும், முகமும் போகும்!